பெயர் தெரியாத இரும்புப் பொருள்களும் ரயில்வேப் பழம்பொருள்களும்: சேலம், ஏற்காடு பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அடையாளம் தெரியாத ஒரு பழைய பொருள் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அதைச் சுத்தம் செய்யாமல் இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாக இருந்தாலும், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் கிடங்கில் கிடந்ததாக இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பளபளப்பாக்கிப் பார்க்கும் ஆவல் பலருக்கும் எழுகிறது. ஆனால் பழைய வண்ணப்பூச்சின் அடுக்குகளும், கெட்டிப்பட்டுப் போன எண்ணெயும், கைபட்டு வழவழப்பான இடமும், கல்லில் உரசிய கீறலும்தான் அந்தப் பொருள் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும் தடயங்கள். அவை ஒருமுறை போனால் திரும்ப வருவதில்லை.

ஆகவே, முதலில் எல்லாப் பக்கங்களையும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடை போட்டுக் குறித்து வையுங்கள். எழுத்து இருப்பதுபோல் தோன்றினால், இருட்டறையில் டார்ச் விளக்கைப் பொருளின் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம். எங்கே கிடைத்தது, உடன் வேறு என்னென்ன கிடந்தன என்பதையும் எழுதி வையுங்கள். கடைக்காரர் சொல்லும் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சரக்கோடு சேர்ந்து வந்தது என்று அவர் சொன்னால் அது பெரும்பாலும் பயன்படும்.

உருவத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிட முடியாதா?

சிலவற்றுக்குச் சொல்லலாம். பெரும்பாலானவற்றுக்கு முடியாது, ஏனென்றால் வளையம், கொக்கி, பல், திருகு ஆகியவை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானவை. உருவத்தைவிடத் தேய்மானத்தை நம்புவதே நல்லது என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் உறுதியான கருத்து. ஒரு கருவியை மனிதக் கை பிடித்த இடம் ஒரு விதமாகவும், வேலைப் பொருளில் பட்ட இடம் வேறு விதமாகவும் தேய்கிறது. எதுவும் படாத இடத்தில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. இந்த மூன்று வகைப் பரப்புகளையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, அடிக்கடி கேட்கப்படும் பொருள்களில் ஒன்று, வில் வடிவில் வளைந்த கனமான எஃகுச் சட்டம். அதன் இரு முனைகளிலும் கொக்கி, நடுவில் சதுர மரை வெட்டிய தடித்த திருகு. இதை எண்ணெய்ச் செக்கின் உறுப்பு என்றும், பேரிங் கழற்றும் கருவி என்றும் சொல்லி விற்கிறார்கள். பேரிங் கழற்றும் கருவியாக இருந்தால் கொக்கிகளின் நுனி மட்டுமே தேய்ந்திருக்கும். இதிலோ கொக்கிகளின் உட்புறம் முழுவதும் அழுந்தி மின்னும். கொக்கிக்குள் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 6 முதல் 7 செ.மீ. வரை, அதாவது தண்டவாளத்தின் தலை சரியாகப் புகும் அளவில் இருக்கும். திருகின் முனை மழுங்கி நசுங்கியிருக்கும். தண்டவாளத்தை இரண்டு இடங்களில் கொக்கியால் பிடித்து, நடுவில் திருகால் நெருக்கி வளைக்கவோ நிமிர்த்தவோ பாதைப் பராமரிப்புக் கேங்கினர் பயன்படுத்தும் ஜிம் குரோ என்ற கருவி அது. உருவம் மூன்று விடைகளுக்கு இடம் கொடுத்தது. தேய்மானம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தது.

என்ன உலோகம் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், கன்மெட்டல் போன்றவையாக இருக்கலாம். பித்தளை நிறத்தில் இருந்தும் காந்தம் ஒட்டினால் அது இரும்பின்மேல் பூசிய முலாம். வார்ப்பிரும்பைத் தட்டினால் ஓசை உடனே அடங்கும். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும். தேனிரும்பு துருப்பிடிக்கும்போது மரத்தின் வைரம்போல் நார்நாராக வரி விடும், அதைக் கண்டால் பொருள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒட்டியது என்று எண்ணலாம். சாணைக் கல்லில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எஃகில் நீண்ட, ஒளிமிக்க, கிளைவிடும் பொறி வரும், வார்ப்பிரும்பில் குட்டையான செந்நிறப் பொறி வரும் என்பது உண்மைதான். ஆனாலும் பொருளைப் புண்படுத்தும் சோதனை தேவையில்லை.

காலத்தைக் கணிக்க வழி உண்டா?

அளவுகளும் மரைகளும் உதவும். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே பவுண்டு, அங்குலம், காலன் என்று பொறிக்கப்பட்ட உள்நாட்டுப் பொருள் பெரும்பாலும் 1960-களின் தொடக்கத்துக்கு முந்தையது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், பட்டறைகள் பழைய வார்ப்பு மாதிரிகளை எளிதில் தூக்கி எறிவதில்லை.

பழைய பிரிட்டிஷ் எந்திரங்களில் இருப்பது ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை. அதன் பற்களின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. நட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சரியாக உட்காரவில்லை என்று பட்டறைக்காரர் சலித்துக்கொண்டால், அந்தச் சலிப்பையே ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளலாம்.

பொருளின்மேல் எம்.ஆர்., எஸ்.ஐ.ஆர்., எஸ்.ஆர். என்ற எழுத்துகள் உள்ளன. இவை எதைக் குறிக்கின்றன?

சேலத்தைப் பொறுத்தவரை இந்த எழுத்துகள் ஏறத்தாழ ஒரு நாட்காட்டியாகவே பயன்படும். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் தொடங்கிய மதராஸ் ரயில்வே (எம்.ஆர்.), மேற்கு நோக்கி நீண்டு சேலம் வழியாக 1862-இல் மலபார்க் கரையைத் தொட்டது. சேலம் வழித்தடம் 1907 முடியும்வரை அந்தக் கம்பெனியிடம் இருந்தது. 1908-இல் கம்பெனி பிரிக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வடக்கிலும் வடமேற்கிலும் செல்லும் தடங்கள் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்குப் (எம்.எஸ்.எம்.ஆர்.) போயின. ஜோலார்பேட்டைக்கு மேற்கே சேலம், ஈரோடு வழியாக மங்களூர் செல்லும் தடமோ தென்னிந்திய ரயில்வேயிடம் (எஸ்.ஐ.ஆர்.) வந்தது. பின்னர் 1951 ஏப்ரல் 14-இல் இவற்றையும் மைசூர் அரசு ரயில்வேயையும் இணைத்துத் தெற்கு ரயில்வே (எஸ்.ஆர்.) உருவாயிற்று. சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1-இல் அமைந்தது.

ஆகவே சேலம் தடத்தில் பயன்பட்ட பொருளில் எம்.ஆர். என்று இருந்தால் அது 1907-க்கு முந்தையது, எஸ்.ஐ.ஆர். என்றால் 1908-க்கும் 1951-க்கும் இடைப்பட்டது, எஸ்.ஆர். என்றால் 1951-க்குப் பிந்தையது. எம்.எஸ்.எம்.ஆர். என்று பொறித்த விளக்கோ மணியோ சேலம் ஸ்டேஷனில் இருந்தது என்று ஒருவர் சொன்னால், அது எப்படி இங்கே வந்தது என்று கேட்க வேண்டும். ஜோலார்பேட்டைக்கு அப்பாலிருந்து பழைய இரும்பாக வந்திருக்கலாம். அல்லது கதை பொய்யாக இருக்கலாம்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை சதர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் பொருள்களிலும் எஸ்.ஆர். என்றே இருக்கும். எம்.ஆர். என்பது அங்கே மிட்லண்டு ரயில்வேயையும் குறிக்கும். இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட விளக்கு ஒன்று சேலம் விளக்காக மாறிவிடுவதற்கு இந்த இரண்டு எழுத்துகளே போதும். தயாரிப்பாளர் பெயர், எழுத்தின் வடிவம், உடனிருக்கும் எண்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

வீட்டு வாசலில் கம்பமாக நிற்பது தண்டவாளமா? எந்தப் பாதையினுடையது?

வேலிக் கம்பம், கூரைத் தாங்கி, பள்ளிக்கூட மணி என்று தண்டவாளத் துண்டுகள் ஊரெங்கும் வேலை பார்க்கின்றன. இவற்றைக் கண்டறிவது மற்ற எல்லாப் பொருள்களையும்விட எளிது. ஏனென்றால் தண்டவாளத்தின் பெயரே அதன் எடைதான். பழைய தண்டவாளங்களை 60ஆர், 75ஆர், 90ஆர் என்று அழைத்தார்கள். ஒரு கெஜ நீளத்துக்கு அத்தனை பவுண்டு எடை என்று பொருள். பிந்தையவற்றுக்கு 52 கிலோ, 60 கிலோ என்ற பெயர்கள் மீட்டர் ஒன்றுக்கான எடையைச் சொல்கின்றன.

சிறு துண்டாக இருந்தால், நீளத்தைச் செ.மீ. கணக்கில் அளந்து, எடையை அந்த நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். மீட்டருக்கான கிலோ எடை வந்துவிடும். 30 அளவில் வந்தால் 60ஆர், 37 என்றால் 75ஆர், 44 அல்லது 45 என்றால் 90ஆர். கம்பமாக நட்டிருப்பதை எடை போட முடியாது. அப்போது அடித்தட்டிலிருந்து தலை வரை உயரத்தை அளக்கலாம். 60ஆர் சுமார் 114 மி.மீ., 75ஆர் 128 அல்லது 129, 90ஆர் 143, 52 கிலோ வகை 156, 60 கிலோ வகை 172 மி.மீ. இருக்கும். தலை தேய்ந்திருந்தால் சில மில்லிமீட்டர் குறையும். 60ஆர், 75ஆர் ஆகியவை பெரும்பாலும் 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதைகளில் பயன்பட்டவை. 90ஆர் முதல் மேலே உள்ளவை 1,676 மி.மீ. அகலப்பாதைக்கு உரியவை. சேலம்–விருத்தாசலம் தடம் மீட்டர்கேஜாக இருந்து 2000-களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது என்பதால், இப்பகுதியில் மெல்லிய தண்டவாளம் கிடைப்பதில் வியப்பில்லை.

தலைக்கும் அடித்தட்டுக்கும் இடைப்பட்ட தட்டைப் பகுதியில் உருட்டாலையின் பெயரும், ஆண்டும், சில நேரம் மாதமும் புடைப்பாக இருக்கும். சுண்ணாம்பு அடித்த கம்பமாக இருந்தால், சுரண்டாமல், ஈரத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள்.

இவை எதிலும் அடங்காத மிகச் சிறிய தண்டவாளம் கிடைத்திருக்கிறது. ஏற்காட்டுக்கு மலை ரயில் ஓடியதா?

ஓடவில்லை. ஏற்காட்டுக்கு ரயில் பாதை ஒருபோதும் போடப்படவில்லை; ஏற்காட்டு மலை ரயிலின் பாகம் என்று யாராவது விலை சொன்னால் நடையைக் கட்டலாம்.

ஆனால் சிறிய தண்டவாளத்துக்கு உண்மையான விடைகள் உண்டு. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 762 மி.மீ. அகலமுள்ள இரண்டு குறும்பாதைகள் அங்கே இருந்தன. ஒன்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் திறக்கப்பட்டது. மற்றொன்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் திறக்கப்பட்டு 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று அவற்றைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. இந்தப் பகுதியின் ரயில் வரலாற்றில் இதைவிடச் சுவையான மறதி வேறில்லை என்றே சொல்லலாம். மறுபுறம், சுரங்கங்களிலும் அணை கட்டும் இடங்களிலும் தள்ளுவண்டிகளுக்காக இலேசான தண்டவாளம் போடுவது வழக்கம். மாக்னசைட் வெட்டும் சுண்ணக்கரட்டுப் பக்கமோ, 1925 முதல் 1934 வரை அணை கட்டிய மேட்டூர்ப் பக்கமோ கிடைத்தால் முதலில் அந்தத் திசையில் தேடுங்கள். சக்கர ஜோடி கிடைத்தால் இன்னும் நல்லது: இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரம் 1,600 மி.மீ. என்றால் அகலப்பாதை, 930 என்றால் மீட்டர்கேஜ். அதைவிடக் குறைவு என்றால் குறும்பாதை அல்லது சுரங்க வண்டி.

பல் வைத்த நீளமான எஃகுச் சட்டம் ஊட்டி ரயிலின் பல்சக்கரப் பாதையைச் சேர்ந்ததா?

இப்படிக் கேட்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மதகுக் கதவைத் தூக்கும் சட்டமாகவோ, கடைசல் எந்திரத்தின் உறுப்பாகவோ இருக்கும். சேலம் கோட்டத்தின்கீழ் வரும் நீலகிரி மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஆப்ட் என்பவரின் முறைப்படி பல்சட்டங்கள் போடப்பட்டுள்ளன. அங்கே ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி வரை போகிறது. அந்தச் சட்டங்கள் எப்போதும் இரண்டு இரண்டாக அருகருகே நிற்கும். ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி மாற்றி அமைத்திருப்பார்கள், அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை. பற்களின் அடிப்பகுதியில் எண்ணெய்க் கறுப்பும், ஒரு பக்கச் சரிவில் மட்டும் கடுமையான தேய்மானமும் இருக்கும். மதகுச் சட்டத்தில் இத்தகைய ஒருபக்கத் தேய்மானம் குறைவு. தண்ணீர்த் துருதான் மிகுதி.

கவிழ்த்த அண்டா வடிவத்தில் கனமான வார்ப்பிரும்புப் பொருள் ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது. அது என்ன?

மேற்பகுதியில் தண்டவாளம் உட்காரும் பள்ளமும், பக்கத்தில் சட்டம் புகும் துளையும் இருந்தால் அது பானை ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்தை அடியில் தாங்கும் கட்டைக்கு மாற்று. மரக்கட்டைகளைக் கரையான் அரித்ததால், தண்டவாளத்தின்கீழ் ஒவ்வொரு பக்கமும் ஒரு வார்ப்பிரும்புப் பானையைக் கவிழ்த்து, இரண்டையும் இரும்புச் சட்டத்தால் இணைத்தார்கள். பிற்காலத்தில் வந்த சி.எஸ்.டி.-9 என்ற வகையில் முழுப் பானை வடிவம் இல்லை. பழைய பானைகளைப் பூந்தொட்டியாகவும் மாட்டுத் தொட்டியாகவும் நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை.

பிரம்பு வளையமும், தோல் பையும், உள்ளே ஒரு எஃகு உருண்டையும் கிடைத்தன. இது விளையாட்டுப் பொருளா?

இல்லை, பல நூறு பேரின் உயிரைக் காத்த பொருள் அது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும் என்பதை உறுதிசெய்ய, நீல்ஸ் டோக்கன் எந்திரம் என்ற முறை இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது. இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் இணைந்த இரட்டை எந்திரங்கள் இருக்கும். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்துத் தம் எந்திரத்தை இயக்கினால்தான் இங்கே ஓர் உருண்டை வெளியே வரும். அது ஏதாவது ஒரு முனையில் திரும்பச் செலுத்தப்படும்வரை இரு எந்திரங்களிலிருந்தும் மற்றோர் உருண்டை வராது. உருண்டை கையில் இருந்தால் பாதை நம்முடையது, இல்லையென்றால் வண்டி நகரக் கூடாது என்பதே டிரைவருக்கான சட்டம்.

நிற்காமல் போகும் வண்டியில் உருண்டையைக் கைக்குக் கை கொடுக்க முடியாது. ஆகவே அதைத் தோல் பையில் இட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்தில் ஒருவர் உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினில் இருப்பவர் முழங்கை வரை கையை நுழைத்து வளையத்தைப் பறித்துக்கொண்டு, பழைய வளையத்தைக் கீழே வீசுவார். பையின் அடிப்பகுதி சிராய்ந்திருப்பதும், வளையத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து வழவழப்பாக இருப்பதும் இதனால்தான்.

உருண்டையின்மேல் இரு ஸ்டேஷன்களின் பெயர்ச் சுருக்கங்களும் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள வெட்டும் துளையும் அழகுக்காக அல்ல; ஒரு பகுதியின் உருண்டை அடுத்த பகுதியின் எந்திரத்தில் புகாமல் இருக்க, பக்கத்துப் பகுதிகளுக்கு வெவ்வேறு வடிவம் கொடுத்திருப்பார்கள். பெயர்ச் சுருக்கம் எதுவும் இல்லாத வெற்று எஃகு உருண்டை என்றால் அது அரைவை ஆலையின் குண்டாகவோ, பெரிய பேரிங்கின் குண்டாகவோ இருக்கலாம்.

ஐந்து செ.மீ. அளவில் தட்டையான வட்டத் தகரப் பெட்டி. இரு பக்கமும் வளையக்கூடிய ஈயப் பட்டைகள். திறந்து பார்க்கலாமா?

கூடாது. அது ரயில்வே வெடி சிக்னலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மூடுபனியிலும், விபத்து நேர்ந்த இடங்களிலும், ஈயப் பட்டைகளால் தண்டவாளத்தின்மேல் கட்டி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். உள்ளே இருப்பது வெடிமருந்து. பழையது என்பதால் செயலிழந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நாட்பட்ட வெடிமருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதைத் தட்டவோ, சூடாக்கவோ, சட்டைப்பையில் போடவோ, வேறிடத்துக்கு நகர்த்தவோ வேண்டாம். குழந்தைகளை விலக்கிவிட்டு, 112-க்கோ, ரயில்வேயின் 139-க்கோ தகவல் சொல்லுங்கள்.

மின்கம்பி எதுவும் இல்லாத, நடுவில் பிளவுள்ள, கனமான வார்ப்பிரும்பு எந்திரம் ஒன்று உள்ளது. தையல் எந்திரத்தின் பகுதியா?

பிளவின் அகலத்தில் ஒரு தடித்த அட்டை, அதாவது சுமார் 57 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமும் உள்ள பழைய ரயில் டிக்கெட், சரியாகப் புகுந்தால் அது டிக்கெட்டில் தேதி அடிக்கும் எந்திரம். அந்த அட்டை டிக்கெட்டையும் அதற்கான ஏற்பாட்டையும் 1830-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கியவர் தாமஸ் எட்மண்ட்சன். டிக்கெட்டின் முனையைப் பிளவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், மேற்பகுதி அசைந்து, மை நாடாவின் வழியே தேதியைப் பதிக்கும். டிக்கெட் கவுண்டர் முன்னால் நின்ற தலைமுறைக்கு அந்த டக், டக் ஓசை நினைவிருக்கும். பிளவின் உதடுகள் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தால் உண்மையாகவே உழைத்த எந்திரம். உள்ளே இருக்கும் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும்; ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், கடைசியாக என்று வேலை செய்தது என்பதைச் சில எந்திரங்களில் இன்றும் படிக்கலாம்.

சிக்னல் கண்ணாடி நீலமாக இருக்கிறது. நீல சிக்னல் உண்டா?

அது பச்சைக்கான கண்ணாடிதான். மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள். நீலம் கலந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் பச்சையாகத் தெரியும். மின்விளக்குக்காகச் செய்த பிற்காலக் கண்ணாடிகளில் பச்சை வெளிப்படையாகவே இருக்கும்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் கிடைக்கும் எந்திரப் பாகங்கள் எவை?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காப்பி பயிராகிறது. ஆகவே இங்கே கிடைக்கும் பழைய எந்திரங்களில் பெரும்பகுதி காப்பியைச் சார்ந்தவை. நூற்றுக்கணக்கான சிறு புடைப்புகள் அடித்த வளைந்த செப்புத் தகடு ஒன்றை, இசைப்பெட்டியின் உருளை என்று நம்பிப் பத்திரப்படுத்துபவர்கள் உண்டு. அது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரின் உருளையைச் சுற்றியிருந்த தகடு. இசைப்பெட்டியில் முட்கள் நுண்ணியவையாகவும், பாட்டுக்கேற்ப ஒழுங்கின்றிச் சிதறியும் இருக்கும். பல்ப்பர் தகட்டில் புடைப்புகள் மழுங்கலாகவும், ஒரே இடைவெளியில் வரிசையாகவும் இருக்கும், காப்பிச் சாற்றின் கறையும் ஓரங்களில் காணப்படும்.

மலைத் தோட்டங்களுக்கே உரிய மற்றொரு பொருள், எஞ்சினும் மோட்டாரும் இல்லாத பம்பு. பேரிக்காய் வடிவக் காற்றுக் கலம் மேலே, தாழ்ந்த வார்ப்பிரும்பு உடல் கீழே, பெரிய நுழைகுழாய் ஒன்று, சிறிய வெளிக்குழாய் ஒன்று, மேல்நோக்கிய ஒரு வால்வு. சுழலும் தண்டு, கப்பி, கைப்பிடி எதுவும் கிடையாது. அது ஹைட்ராலிக் ராம். பிரான்சில் மான்கோல்ஃபியே 1796-இல் வடிவமைத்த தத்துவம் இன்றும் மாறவில்லை. ஓடையிலிருந்து குழாய் வழியே வேகமெடுத்து வரும் நீர், வால்வு வழியே வெளியேறிக்கொண்டே அதைத் தானே இழுத்துச் சாத்திவிடுகிறது. திடீரென்று தடைப்பட்ட நீரின் அழுத்தம் உள் வால்வைத் திறந்து சிறிதளவு நீரைக் காற்றுக் கலத்துக்குள் தள்ளுகிறது. அழுத்தம் தணிந்ததும் வெளி வால்வு தன் எடையால் விழ, மறுபடி ஓட்டம் தொடங்குகிறது. கலத்தில் நெருக்குண்ட காற்று நீரை மேலே ஏற்றிவிடுகிறது. 2 மீட்டர் வீழ்ச்சியில் வரும் 100 லிட்டரில், 20 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப்படி 10 லிட்டரும், நடைமுறையில் 6 லிட்டர் அளவிலும் ஏறும். மீதி ஓடைக்கே திரும்புகிறது. எரிபொருள் செலவு இல்லை, இரவும் பகலும் ஓடும். கிடங்கில் கிடக்கும் ராமில் உடல் விரிசல் விடாமல் இருந்தால், வால்வுத் தோலை மாற்றி மீண்டும் ஓடவைப்பது கடினமான வேலை அன்று. காட்சிக்கு வைப்பதைவிட அதுவே சிறப்பு.

ரயில்வேப் பொருள் என்று தவறாக நினைக்கப்படுபவை எவை?

0 முதல் 30 வரை அங்குலம் காட்டும் வாக்குவம் மீட்டர், அதாவது வெற்றிட அளவி, முதலிடம் பெறும். ரயிலின் வாக்குவம் பிரேக்கில் இது இருந்தது உண்மை. ஆனால் சர்க்கரை ஆலை, பால் பதனிடும் ஆலை ஆகியவற்றிலும் இருந்தது. வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம் என்பதால் எல்லா வாக்குவம் மீட்டர்களும் அந்த எண்ணில் முடியும். ரயில் பிரேக்கில் வழக்கமாக வைத்திருந்த 21 அங்குலத்தின் அருகே முள் நின்று நின்று கண்ணாடியில் தூசுக் கோடு விழுந்திருந்தால் ரயில் பக்கம் சாயலாம்.

அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதிகளில் கிடைக்கும், வரிசை வரிசையாக ஊசியும் கொக்கியும் நிறைந்த மரச் சட்டம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பாகம் அல்ல. தறியின்மேல் உட்கார்ந்து பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகளும் உடன் கிடந்தால் ஐயமே இல்லை.

எஞ்சின் பெயர்ப்பலகை விலைக்கு வருகிறது. போலி என்று எப்படி அறிவது?

அளந்து அறியலாம். உண்மையான பலகையை அச்சாக வைத்துப் புதிதாக வார்க்கும்போது, உருகிய பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை விழுக்காடு சுருங்கும். ஆகவே 30 செ.மீ. பலகையின் நகல் நான்கு, ஐந்து மி.மீ. சிறியதாக இருக்கும். அதே தயாரிப்பாளரின் அதே வகைப் பலகை அருங்காட்சியகத்தில் இருந்தால் அதன் அளவோடு ஒப்பிடுங்கள். நகலில் எழுத்தின் விளிம்புகள் உருண்டு மழுங்கியிருக்கும். முன்பக்கம் பழையது போலவும் பின்பக்கம் புதியது போலவும் இருந்தால் விலகிவிடுவது நல்லது. எஞ்சினில் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்த பலகையின் போல்ட்டுத் துளைகள் சற்று நீள்வட்டமாகியிருக்கும். துளை கச்சிதமாக வட்டமாகவே இருப்பது நல்ல அறிகுறி அன்று.

இவற்றை வைத்திருப்பது சட்டப்படி சரியா?

ரசீது இருந்தால் சரி. ரயில்வே சொத்து சட்டவிரோத உடைமைச் சட்டம் 1966-இல் வந்தது. திருடப்பட்டதாகவோ முறைகேடாகப் பெறப்பட்டதாகவோ நியாயமான ஐயத்துக்கு இடம் தரும் ரயில்வே சொத்து ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிறுவும் பொறுப்பு அவரையே சேரும். முதல் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ரயில்வே தன் கழிவுப் பொருள்களை ஏலத்தில் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து வாங்கும்போது எழுத்துமூலம் ரசீது பெறுங்கள். பாதையோரத்தில் கிடக்கும் ஆணி, கிளிப், தண்டவாளங்களை இணைக்கும் பிஷ் பிளேட் எதுவானாலும் கேட்பாரற்றது அல்ல. அவற்றை எடுப்பது திருட்டு. பாதையில் பொருத்தியிருந்ததைக் கழற்றியிருந்தால் வண்டியே கவிழலாம்.

எங்கே கொண்டுபோய்க் காட்டலாம்?

திருச்சியில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்திலும், சென்னை பெரம்பூரில் உள்ள மண்டல ரயில்வே அருங்காட்சியகத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பொருள்கள் உள்ளன. ஆனால் பொருளைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன், சூரமங்கலம் பக்கம் ஓய்வுபெற்றுக் குடியிருக்கும் கேங்மேன், கீமேன், சிக்னல் பிட்டர் போன்றோரிடம் படத்தைக் காட்டுவது பெரும்பாலும் விரைவான வழி. பெயரைச் சொல்வதோடு நிற்காமல், பொருளைக் கையில் கொடுத்தால் எப்படிப் பிடிப்பது என்றும் அவர்கள் காட்டுவார்கள். அந்தப் பிடி தேய்ந்த இடத்தோடு பொருந்துகிறதா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.